பதினாலாம் குச்சி

குச்சி நட்டது தப்பு. காலை ஏழரை மணிக்கு, கடற்கரைப் பாதுகாப்புத் திருவிழாவின் மூன்றாம் எண் மேசைக்குப் பின்னால், முக்காலியில் பொருத்திய தொலைநோக்கியில் வலக்கண்ணை வைத்து இடக்கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் ஞானதிரவியத்துக்கு அது தெரிந்தது. உப்பங்கழிக்கு அக்கரையில், மணல்திட்டில், மூன்று நாளைக்கு முன்னால் அவர் நட்ட இருபத்திரண்டு மூங்கில் குச்சிகளும் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு வரிசை பிசகாமல் நின்றன. ஒவ்வொன்றின் காலடியிலும் ஓர் ஆலாப் பறவைக் கூடு. கூடு என்றால் கூடு இல்லை, உள்ளங்கையளவு பள்ளம். அதில் மணல் நிறத்திலேயே புள்ளி போட்ட இரண்டு முட்டை, சிலதில் மூன்று. மனுஷக் கண்ணுக்குத் தெரியாது, மிதித்துவிட்டு மிதித்தது தெரியாமல் போவான், அதற்காகக் குச்சி, குச்சிக்கு எண், எண்ணுக்குப் பதிவேடு. எல்லாம் சரி. முதல் குச்சியின் தலையில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. கீழே குதித்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. குனிந்தது. இரண்டு ஆலா, உள்ளங்கைக்குள் அடங்குகிற வெள்ளைப் பறவைகள், கரும்பொட்டுத் தலையோடு அதன் முதுகில் மாறி மாறி வந்து மோதின. காக்கை தோளைக் குலுக்கிக்கொண்டது, பஸ்ஸில் இடித்தவனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தது, மூக்கை மணலில் இரண்டு பக்கமும் துடைத்தது, பிறகு பறக்கக்கூட இல்லை, நடந்தே, சாவகாசமாக, இரண்டாம் குச்சிக்குப் போனது.

“சார், பூநாரை தெரியுதா?” என்றாள் பின்னால் ஒருத்தி, கையில் பிள்ளையோடு. பூநாரை பங்குனியிலேயே போய்விட்டது. போய்விட்டது என்று காலையிலிருந்து பதினேழு பேரிடம் சொல்லியாகிவிட்டது. பந்தல் வாசலில் பத்தடிக்குப் பூநாரை படம் போட்டு வைத்திருக்கிறார்கள், இளஞ்சிவப்பில், அப்படியொரு சிவப்பு எந்தப் பூநாரைக்கும் கிடையாது, அதைப் பார்த்துவிட்டு வருகிறவன் கேட்கத்தான் செய்வான். வைகாசியில் எவன் பறவைத் திருவிழா வைப்பான்? கல்லூரிக்கு லீவு, சிறப்பு விருந்தினருக்கு இந்தத் தேதிதான் தோது, அதனால் வைகாசி. பறவையிடம் யாரும் தேதி கேட்கவில்லை. “இல்லம்மா” என்றார், கண்ணை எடுக்காமல். “அப்ப என்னதான் சார் இருக்கு?” காக்கை இருக்கிறது. இரண்டாம் குச்சியில் இருக்கிறது. “பிள்ளைக்கு மட்டும் ஒரு தடவ காட்டுங்களேன்.” காட்டாமல் முடியாது, மேசையில் ‘அனைவரும் வருக’ என்று எழுதியிருக்கிறது, அதையும் எழுதினவர் அவரே. விலகி நின்றார். பிள்ளை தொலைநோக்கியை ஆகாயத்துக்குத் திருப்பியது. அங்கே ஒன்றும் இல்லை. “நீலமா இருக்கு” என்றது சந்தோஷமாக. அவர் மறுபடி இறக்கி, திருகி, மணலைப் பிடித்து, குச்சியைப் பிடித்து, எண்ணிப் பார்த்தபோது காக்கை நாலாவதில் நின்றது. மூன்றை முடித்து நாலு. பாழாய்ப் போகிற பறவை எண் வரிசைப்படி போகிறது.

காக்காய்க்கு வாசிக்கத் தெரியுமா என்று அவர்தான் கேட்டார். திட்டில் மட்டிச் சிப்பி பொறுக்குகிற அந்த மட்டிக்காரியிடம். அது இப்போது காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்கிறது, அவளுடைய குரல் இல்லை, அவருடைய குரலே, அதுதான் எரிச்சல். மூன்று நாளைக்கு முன்னால் ஒன்பதாவதோ பத்தாவதோ குச்சியை அடித்துக்கொண்டிருந்தபோது அவள் பனைநார்ப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள். ஐம்பது வயசிருக்கும், முழங்காலுக்கு மேல் சேலையைச் சொருகியிருந்தாள், பெட்டியிலிருந்து மட்டித் தண்ணீர் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று வருஷமாக அந்தத் திட்டில் அவளைப் பார்க்கிறார். பெயர் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது, ஏ என்றால் திரும்புவாள். “என்ன அண்ணாச்சி, குச்சி நடுதீய?” “தெரியலையா?” “தெரியுது. எனக்கும் தெரியுது, அந்தா ஒடமரத்துல இருக்கானே, அவனுக்கும் தெரியுது.” உடைமரத்தில் காக்கை. “காலையிலேருந்து பாத்துக்கிட்டு இருக்கான். நீங்க ஒவ்வொண்ணா நட நட அவன் தல திரும்புது.” அப்போதுதான் அவர் கேட்டார், சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, பெரிய நியாயம்போல: “ஏன், காக்காய்க்கு எண் வாசிக்கத் தெரியுமோ?” அவள் சிரிக்கவில்லை. “வாசிக்க எதுக்கு? குச்சியத் தெரிஞ்சா பத்தாதா?” என்றாள். பத்தும். இப்போது பார்த்தால் தாராளமாகப் பத்துகிறது. “அப்ப நீயும் இங்க நடக்காத. மிதிச்சிருவ” என்று அவர் சொன்னதும், போகிற போக்கில் அவள், “எனக்குக் கால்ல கண்ணு, அண்ணாச்சி. இத்தன வருசத்துல ஒண்ணு மிதிச்சிருப்பேனா, போய் ஆலாக்கிட்டக் கேளுங்க” என்றதும், அன்றைக்கே அவர் பலகை எழுதித் திட்டின் முனையில் அறைந்தார், ‘இனப்பெருக்க காலம். மட்டி எடுப்போர் உள்ளே வரக்கூடாது’, கறுப்புப் பெயின்டில், கோடு போட்டு, எழுத்து சாயாமல். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. மூன்று நாளாகக் கழியின் இக்கரையில், மட்டியே இல்லாத சேற்றில் துழாவிக்கொண்டிருக்கிறாள். அதை அவர் இந்தத் தொலைநோக்கியில்தான் பார்த்தார், பார்த்து, பரவாயில்லை சொன்னால் கேட்கிறாள் என்று நினைத்தார்.

ஐந்தாவது. முப்பத்தாறு வருஷம் சர்வே இலாகாவில் கல் நட்டவர். நடாமல் இருக்கத் தெரியாது. எங்கே போனாலும் ஒரு புள்ளி, புள்ளியில் ஒரு முளை, முளைக்கு ஒரு எண். நட்டுவிட்டு வந்தால் மறுநாள் அந்தக் கல்லடியிலேயே அண்ணன் தம்பி மண்டையை உடைத்துக்கொண்டிருப்பான், அதுவரைக்கும் எங்கே வரப்பு என்று தெரியாமலே இரண்டு பேரும் உழுது தின்றுகொண்டிருந்தவர்கள். மனைவி எஸ்தர் சொல்வாள், “நீங்க போற எடமெல்லாம் ஒரு குச்சிய நட்டுட்டுத்தான் வருவீங்க. அப்புறம்தான் அங்க சண்டையே வரும்.” சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். கடைசியில் சிரிக்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் புறங்கையில் குத்தியிருந்த ஊசியைக் காட்டி, இத எடுக்கச் சொல்லுங்க, வீட்டுக்குப் போவோம், என்றாள். டாக்டர் இன்னும் ஆறு நாள் என்று எழுதியிருந்தார். எழுதியிருக்கிறதே, எழுதினபடி நடக்க வேண்டாமா? ஆறு நாள். நாலாம் நாளே. வேண்டாம். அந்த நினைப்பு இப்போது எதற்கு? காக்கையைப் பார். ஆறாவதில் நிற்கிறது. ஆறாவதில் முட்டை மூன்று, பதிவேட்டில் இருக்கிறது, ‘பாதுகாத்தவர்’ என்ற கட்டத்தில் இருபத்திரண்டு வரிக்கும் அவர் பெயர்தான் இருக்கிறது, ஒரே பேனா, ஒரே சாய்வு. வீக்கம் கண்டிருந்தது அந்தப் புறங்கை. இத எடுக்கச் சொல்லுங்க. பார், காக்கையைப் பார்.

போன் போட்டார். விழாவை நடத்துகிற ரோஸ்லின், கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள், நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு பறவைநடைக்குப் போயிருந்தாள், கழியின் மேல்கோடியில், அலையாத்திக் காட்டுப் பக்கம், படகில். இருக்கிற ஒரே படகு அது. தாங்கள் தொடர்பு கொண்ட எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது. ஏன் அணைத்து வைக்கப்பட்டுள்ளது? ஏனென்றால் நடைக்குக் கிளம்பும்போது ஒவ்வொருத்தனையும் நிறுத்தி, போனை அணைத்தாயா காட்டு, என்று கறாராகப் பார்த்து அனுப்பியவர் ஞானதிரவியம். பறவைக்குத் தொந்தரவு. மறுபடி போட்டார். அணைத்து வைக்கப்பட்டுள்ளது. கழியில் கடலேற்றத்தில் வெள்ளம் ஏறிக் கிடந்தது. நேற்றுச் சாயங்காலம் கடல் வற்றியபோது கணுக்காலளவு தண்ணீரில் நடந்து போன இடம் இப்போது நெஞ்சளவுக்கு இருக்கும், உள்ளே எங்கே மேடு எங்கே சேறு என்று யார் கண்டது, அவருக்கோ வலது முழங்காலில் ஸ்டீல். கையைத் தட்டினால் அரைக் கிலோமீட்டருக்குக் கேட்குமா? கத்தினால்? கத்தினால் பந்தலில் இருக்கிற முந்நூறு பேரும் என்ன என்று கேட்பார்கள். என்னவென்று சொல்வது? பக்கத்து மேசையில் தொப்பி கொடுத்துக்கொண்டிருந்த பால்துரை எட்டிப் பார்த்தார். “என்னவே, கண்ணாடிய விட்டுக் கண்ண எடுக்க மாட்டேங்கீரு? உள்ள சினிமா ஓடுதோ?” “உம்ம தொப்பியப் பாரும்.” “தொப்பி தீந்து போச்சு. பத்து மணிக்கு மைக்குல பேரு வாசிக்கணும், ரோஸ்லின் மேடம் சீட்டு குடுத்துட்டுப் போயிருக்கு. பாத்தீரா?” சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். முதல் வரி. ஆலாக் கூடுகளைக் காப்பாற்றியவர், திரு. ஞானதிரவியம், ஓய்வுபெற்ற நில அளவையர், பொன்னாடை. “உமக்குத்தான் மொதப் பொன்னாடை. மொகத்தச் சிரிச்ச மாதிரி வச்சுக்கிடும், போட்டோ எடுப்பாங்க” என்றார் பால்துரை. இவனிடம் சொன்னால் என்ன? எட்டாவது போகிறது வே, நான் குச்சி நட்டு விருந்து வைத்துவிட்டேன் வே, என்று சொன்னால் என்ன? சீட்டைத் திருப்பிக்கொடுக்காமல் மேசைமேல் வைத்து அதன்மேல் பைனாகுலரை வைத்தார். “நீந்தத் தெரிஞ்சவன் எவனாச்சும் இருக்கானா இங்க?” “எதுக்கு?” “கேட்டதுக்குப் பதில் சொல்லும்.” “எனக்குத் தெரியும், முப்பது வருசத்துக்கு முன்னால” என்று பால்துரை வயிற்றைத் தடவிக்கொண்டார்.

எட்டாவதும் போயிற்று. ஒன்பதில் காக்கை கொஞ்சம் நின்றது, வயிறு நிறைந்திருக்க வேண்டும், நிறையட்டும், வெடிக்கட்டும். ஆனால் உடைமரத்திலிருந்து இன்னொன்று இறங்கி வந்தது, வந்து நேராகப் பத்துக்குப் போகாமல் முதல் காக்கையையே பார்த்துக்கொண்டு நின்றது, பாடம் படிக்கிறதுபோல. எல்லாவற்றிலும் அவர் பதினாலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். நினைக்கக் கூடாது என்று மற்றதையெல்லாம் நினைத்தார். நேற்றுச் சாயங்காலம் பதினாலாவது கூட்டுக்கு முன்னால் அந்த ஸ்டீல் முழங்காலை மணலில் ஊன்றிக் குனிந்தபோது ஒரு முட்டையின் தடித்த பக்கத்தில் நட்சத்திரம் மாதிரி ஒரு வெடிப்பு இருந்தது. காதைக் கொண்டுபோனார். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. கீச்சு என்று எழுதலாம், ஆனால் அவ்வளவுகூட இல்லை, பழைய கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போது கடைசிப் பல்லில் வருமே, அவ்வளவு. எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் முடியவில்லை என்று சொல்லிக்கொண்டார். அந்தரத்தில் ஆலா கத்திக்கொண்டிருந்தது, போ போ என்று. சரி போகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னார், ஆளில்லாத திட்டில், எழுபத்தொரு வயதில், ஒரு பறவைக்குப் பதில் சொன்னார். வீட்டுக்கு வந்து யாரிடமாவது சொல்லலாம் என்று பூட்டைத் திறந்தபோது வீட்டில் யாரும் இல்லை, நாலு வருஷமாக இல்லை, அது அந்த நிமிஷத்துக்கு மறந்துபோயிருந்தது. இப்போது அந்தக் குஞ்சு ஓட்டுக்குள் பாதியும் வெளியே பாதியுமாக இருக்கும். ஓடத் தெரியாது. அதன் தலைமாட்டில் சிவப்புக் கொடி பறக்கிறது, இங்கே பார் இங்கே பார் என்று. பத்தாவது. வேண்டாம். பத்தை விட்டுவிடு. போ. அவர் வாய்க்குள் காக்கையை ஓட்டினார். பேரன் வயசு ஒருவன் பக்கத்தில் நின்று, “யாரோட பேசுறீங்க சார்?” என்றான்.

அப்போதுதான் தொப்பிக்காரன் ஒருவன் வந்து தொலைநோக்கியில் கையை வைத்தான். பார்ப்பதற்கு அல்ல. அதன் கண்ணில் போனை ஒட்டவைத்துப் படம் எடுப்பதற்கு. “ஒரு நிமிஷம் பெரியவரே, ஸ்டேட்டஸ் போடணும்.” “தள்ளுய்யா.” “என்ன சார் இப்படிப் பேசுறீங்க, நாங்களும் பதிவு பண்ணித்தான் வந்திருக்கோம்.” வரிசையில் நின்ற இன்னும் நாலு பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஞானதிரவியம் விலக வேண்டியதாயிற்று. இவருக்கு ஒன்று, அவர் மனைவிக்கு ஒன்று, இருவரும் சேர்ந்து ஒன்று, பிறகு அந்த நாலு பேருக்கும் ஆளுக்கொன்று. தொலைநோக்கி எங்கெங்கோ திரும்பியது. வெறுங்கண்ணுக்குத் திட்டு ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். கோட்டின் ஓரத்தில், தண்ணீரில், ஏதோ ஒரு கறுப்புப் புள்ளி நகர்ந்ததுபோல இருந்தது. கட்டுமரத் துண்டாக இருக்கும். நாயாக இருந்தால்? நாயும் சேர்ந்துவிட்டதா? அப்படியானால் முடிந்தது, எல்லாம் முடிந்தது, நாய்க்குக் குச்சியே வேண்டாம். பதினைந்து நிமிஷம். இருபது. ஆஸ்பத்திரியில் வெளியே நிற்கச் சொன்னபோதும் இப்படித்தான் நின்றார், ஒரு கதவைப் பார்த்துக்கொண்டு, உள்ளே எல்லாம் முறைப்படி நடக்கிறது என்று நம்பிக்கொண்டு. “அங்க ஒண்ணுமே இல்லையே சார்” என்றான் தொப்பிக்காரன் கையைத் தட்டிவிட்டு, “வெறும் மணல்.”

அவர் அவசரமாகக் குனிந்து, திருகி, திட்டைப் பிடித்தார். வெறும் மணல். குச்சி இல்லை. ஒன்றுகூட இல்லை. பத்தாவது இருந்த இடம் எது, பதினாலு எது, எதுவும் தெரியவில்லை, வெள்ளை மணலும் சிப்பி ஓடும் கடல் ஒதுக்கிய பாசியும், குச்சி நடுவதற்கு முன்னால் இருந்த மாதிரியே. எவன் பிடுங்கினான்? தண்ணீர் ஏறி அடித்துக்கொண்டு போயிற்றா? தண்ணீர் ஏறினால் முட்டை? ஆனால் மணல் காய்ந்துதான் இருக்கிறது. ஆலாக்கள் மேலே சுற்றின, சுற்றி, ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. இறங்கி, வயிற்றை இப்படியும் அப்படியும் அசைத்து, உட்கார்ந்தன. உட்கார்ந்தால் அடியில் முட்டை இருக்கிறது. எண்ணினார். நாலு. ஏழு. பதினொன்று. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு எண்ண விடவில்லை, துடைத்துவிட்டு முதலிலிருந்து எண்ணினார். பதின்மூன்று. காக்கை எங்கே? தொலைநோக்கியைத் தெற்கே தள்ளினார், தள்ளினார், திட்டின் மறுகோடி வரை, கூடே இல்லாத பொட்டல் வரை. அங்கே சிவப்புத் துணிகள் பறந்தன. குச்சிகள் அங்கே நின்றன, கோணலும் மாணலுமாக, ஒன்றுக்கொன்று எந்த அளவும் இல்லாமல். காக்கைகள் ஐந்தாறு கூடிவிட்டன. ஒரு குச்சியடியில் கிளறின, ஒன்றும் இல்லை. அடுத்ததுக்கு நடந்தன, ஒன்றும் இல்லை. தலையைச் சாய்த்து மறுபடி பார்த்தன. ஞானதிரவியத்தின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. “என்னவே, சிரிக்கீரு?” என்றார் பால்துரை பயந்துபோய். சிரிக்கவில்லை. கழியில் அந்தக் கறுப்புப் புள்ளி இப்போது இக்கரைக்கு வந்துகொண்டிருந்தது. நெஞ்சளவுத் தண்ணீரில், நேராக இல்லை, தண்ணீருக்கடியில் கிடக்கிற மேடு அவளுக்குத் தெரியும், அதன் வளைவுக்கு வளைந்து வளைந்து, தலையில் பனைநார்ப் பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டு.

சேலையைப் பிழிந்துகொண்டே அவள் பந்தலுக்குள் வந்தாள். பூநாரை படத்தைத் தாண்டினாள். வரிசையில் நின்றவர்கள் விலகினார்கள், மட்டி வாடை. மேசைக்கு முன்னால் நின்று ஒரு குச்சியை நீட்டினாள். ஒன்றே ஒன்று. சிவப்புத் துணியில் அவருடைய கையெழுத்தில் பதினாலு.

“குஞ்சு வந்துட்டு” என்றாள். “ரெண்டும் வந்துட்டு, ஓடுது. இனி அதுக்கு எதுக்குக் குச்சி? அதான் கொண்டாந்தேன். மத்தத அங்க ஊனிட்டேன், அவன் தேடிக்கிட்டுக் கெடக்கட்டும்.”

“ஒம்பது போச்சு” என்றார் ஞானதிரவியம்.

“போச்சு. மொதல்லயே வந்திருப்பேன். உங்க பலக கெடக்கே.”

அவள் புறங்கையில் ஒரு கீறல் இருந்தது, மூங்கில் கிழித்தது, ரத்தம் கசிந்து உப்புத் தண்ணீரோடு கலந்து ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கழியில் படகுச் சத்தம் கேட்டது, நடை திரும்பிவிட்டது, நாற்பது பேரும் போனை உயிர்ப்பித்துக்கொண்டிருப்பார்கள். பால்துரை மைக்கைத் தட்டிப் பார்த்து, “ஹலோ, ஹலோ, சீட்டத் தாரும்வே” என்று கையை நீட்டினார். ஞானதிரவியம் பைனாகுலரை நகர்த்தி, சீட்டை எடுத்து, முதல் வரியில் தன் பெயரை அடித்தார். ஓய்வுபெற்ற நில அளவையரையும் அடித்தார். ஒரே கோடு, நேராக.

“உன் பேரு என்ன?”

“எதுக்கு? உள்ள போனேன்னு எழுதிக் குடுக்கவா?”

“எழுதணும். சொல்லு.”

“மூணு வருசமா ‘ஏ’ன்னுதான கூப்பிடுதீய. இன்னைக்கு என்ன புதுசா?”

“சொல்லுங்க” என்றார் அவர்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சொன்னாள். அவர் எழுதினார், மை காயுமுன்னே பால்துரை பிடுங்கிக்கொண்டு போய், கண்ணாடியைத் தேடி, சீட்டைத் தூரத்தில் பிடித்து, என்னவே இது பேர் மாறியிருக்கு என்று மைக்கிலேயே கேட்டுவிட்டு, எழுதியிருக்கிறதை வாசிக்கும் என்று இங்கிருந்து போட்ட அதட்டலில் வாசித்தார்: “ஆலாக் கூடுகளைக் காப்பாற்றியவர், சண்முகக்கனி.”